மேலதிகப் பால்: திருகோணமலைக் குடாக்கரையில் கைக்குழந்தை ஊட்டலின் வரலாறு

பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் நிறை குறைவது இயல்பு. பிறப்பு நிறையில் நூற்றுக்கு ஏழு வரை, சில குழந்தைகளுக்குப் பத்து வரை குறைந்து, பத்தாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் மீளும். அதன் பிறகு முதல் மூன்று மாதமும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 கிராம் வரை ஏற வேண்டும். இந்த ஏற்றம் மந்தமானால் தாய்ப்பாலோடு வேறு ஏதும் சேர்ப்பதா, எதைச் சேர்ப்பது, எதைக் கொண்டு ஊட்டுவது என்ற கேள்விகள் எழுகின்றன. திருகோணமலை மாவட்டத்தில் இவற்றுக்கு முதலில் விடை சொன்னவை கடலும் மாட்டுப்பட்டியும். பிறகு டின்பால் வந்தது, அதன் பின் தராசு வந்தது. ‘பால் காணாது’ என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிய கதையாகவே இந்த வரலாறு அமைந்திருக்கிறது.

மாவட்டத்தின் அமைப்பை அறியாமல் இதில் பாதி விளங்காது. கொட்டியாரக் குடாவின் வடகரையில் கோட்டையும் துறைமுகமும் பட்டினமும் இருக்கின்றன. குடாவின் தென்கரையில் மூதூரும் சம்பூரும், உள்துறையைத் தாண்டிய பக்கத்தில் கிண்ணியாவும், உள்ளே தம்பலகாமத்தின் வயல்வெளியும் கந்தளாய்க் குளமும், வடக்கே நிலாவெளி, குச்சவெளி, திரியாய், புல்மோட்டையும் உள்ளன. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் வாழும் இந்தப் பரப்பில் பெரிய மருத்துவமனை பட்டினத்தில்தான். மற்ற ஊர்களுக்கும் அதற்கும் நடுவில் பெரும்பாலும் தண்ணீர் கிடந்தது.

மருத்துவமனைப் பிரசவம் வழக்காகும் முன் வீட்டில் மருத்துவிச்சி பிள்ளைப்பேறு பார்த்தாள். பால் போதுமா என்பதை அவளும் தாயின் தாயும் சேர்ந்து முடிவு செய்தார்கள். குழந்தை சிணுங்குவது, விரலைச் சூப்புவது, தொடையில் மடிப்பு விழாமை, தாயின் மார்பு தளர்ந்திருப்பது ஆகியவை அவர்களின் அடையாளங்கள். இவற்றில் தொடை மடிப்பு ஓரளவு நம்பத்தக்கது. அழுகையும் மார்பின் தளர்வும் நம்பத்தக்கவை அல்ல. சில வாரம் கழித்துப் பால்சுரப்பு குழந்தையின் தேவைக்கு ஒத்துவரும்போது மார்பு இளகுவது இயற்கை, அதைப் பால் வற்றியதாக எடுத்துக்கொண்ட வீடுகள் அன்றும் பல, இன்றும் பல. நாளுக்கு ஆறு தடவையாவது தெளிந்த சிறுநீர் போகிறதா என்று பார்ப்பதே எளிய, நம்பிக்கையான அளவுகோல். துணியில் கிடத்திய பிள்ளையின் நனைப்பை எண்ணுவது பெண்களுக்குப் புதிதும் அல்ல.

குறை கண்டபோது அந்தக் காலம் முதலில் குழந்தைக்கு மருந்து தேடவில்லை, தாய்க்குச் சோறு தேடியது. பால்சுறா வறை, முருங்கையிலை, வெள்ளைப்பூடு, மல்லியும் மிளகும் அரைத்த சரக்குக்கறி ஆகியவை பிள்ளை பெற்றவளின் பத்தியச் சாப்பாடு. மீன்பிடி மாவட்டத்தில் சுறா கிடைப்பதில் தட்டுப்பாடு இருந்திருக்காது. தமிழ் மருத்துவர்கள் தண்ணீர்விட்டான் கிழங்கைக் கொடுத்தார்கள். இலங்கையில் அதற்குச் சாத்தாவாரி என்று பெயர். யாழ்ப்பாண அரசர் பெயரால் வழங்கும் பரராசசேகரம் என்ற மருத்துவ நூலை ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை பதிப்பித்தார். குழந்தை நோய்களுக்கு அதில் தனிப் பகுதியே உண்டு. இந்த உணவுகள் பாலைக் கூட்டுகின்றன என்பதற்கான ஆய்வுச் சான்று மெலிந்தது. ஆனால் ஓய்வும் புரதமும் தாய்க்குக் கிடைத்தன, குழந்தையும் மார்பிலேயே கிடந்தது. பால் சுரப்பதற்கு உண்மையில் வேண்டியது அதுதான். மார்பு எவ்வளவு வெறுமையாகிறதோ அவ்வளவு பால் மீண்டும் ஊறும். வெறுமையாகாத மார்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும்.

கேடு செய்த வழக்கமும் அதே வீட்டில் இருந்தது. முதற்பாலான சீம்பால் மஞ்சளாகவும் பிசினாகவும் இருந்ததால் அதைப் பிழிந்து கொட்டும் வழக்கம் தென்னாசியா முழுவதும் பரவியிருந்தது. தாய்ப்பால் வருமுன் குழந்தையின் நாவில் தேனோ சர்க்கரை நீரோ தொட்டுவைப்பது தமிழரிடமும், தாய்ப்பாலில் பொன் உரைத்துக் கொடுப்பது சிங்களவரிடமும், மென்ற பேரீச்சம்பழத்தை மேலண்ணத்தில் தடவும் தஹ்னீக் முஸ்லிம்களிடமும் காணப்பட்டவை. ஒரு துளி தடவுவதோடு நின்றால் பாலுக்கு இடைஞ்சல் இல்லை. கரண்டி கரண்டியாகத் தேன்நீர் போனால் மார்பில் உறிஞ்சும் பசி கெடும். தேன் என்றால் ஒரு துளியில்கூட இருக்கக்கூடிய கிருமி கைக்குழந்தைக்கு நஞ்சாகலாம்.

தாயின் பால் உண்மையிலேயே போதாதபோது மிகப் பழைய மேலதிகப் பால் இன்னொரு தாயின் பால்தான். தமிழ் இலக்கியம் செவிலித்தாயை நன்றாக அறியும். முஸ்லிம் சமூகத்தில் இதற்குச் சட்ட எடையும் உண்டு. ஒரே பெண்ணிடம் பால்குடித்த பிள்ளைகள் உடன்பிறந்தவர்களாகி, அவர்களுக்கிடையே திருமணம் விலக்கப்படும். ஆகவே யாருடைய பிள்ளைக்கு யார் பால்கொடுத்தார் என்பதை மறக்காமல் வைத்திருக்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் தாய்ப்பால் வங்கி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் முஸ்லிம்கள் வாழும் நாடுகளில் இந்தக் கேள்வி முன்னால் வந்து நிற்பதற்கும் இதுவே காரணம். திருகோணமலையின் கோணமாமலையைப் பதிகத்தில் பாடிய ஞானசம்பந்தருக்கு உமையம்மை பொற்கிண்ணத்தில் பால் ஊட்டியதாகப் புராணம் சொல்கிறது. கிண்ணத்தால் ஊட்டும் முறைக்குச் சைவர்கள் இதைவிடப் பெரிய சாட்சி தேடவேண்டியதில்லை.

அடுத்து மிருகப்பால். மூதூரிலும் தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும் எருமையும் மாடும் பெருகியிருந்தன, தயிருக்குப் பேர்போன பக்கம் இது. பசும்பாலும் ஆட்டுப்பாலும் தண்ணீர் கலந்து, காய்ச்சி, சீனி சேர்த்துக் கொடுக்கப்பட்டன. பசும்பாலின் புரதம் தாய்ப்பாலின் புரதத்தைப் போல மூன்று மடங்கு. உப்பும் அதிகம், பால்வெல்லம் குறைவு. தண்ணீர் கலக்கப் புரதம் குறையும், அதோடு கொழுப்பும் சக்தியும் குறையும். சீனி அந்தக் குறையைப் பாதி மட்டுமே ஈடுகட்டும். இரும்புச்சத்தோ எப்படியும் காணாது. எருமைப்பாலில் கொழுப்பு இன்னும் கூடுதல் என்பதால் அது கைக்குழந்தைக்கு இன்னும் பொருந்தாது.

ஊட்டும் கருவியில் பழைய வழக்கமே மேலானது. தமிழர் வீடுகளில் சங்கு, அல்லது சங்கின் வடிவில் செய்த பாலாடையால் பால் புகட்டினார்கள். வாயகன்ற அந்தப் பாத்திரத்தைக் கொதிநீரில் கழுவுவது எளிது. போத்தலின் இறப்பர்ச் சூப்பியோ இடுக்கெல்லாம் பால் தங்கிக் கிருமி வளர்க்கும். பின்னாளில் இந்திய மருத்துவர்கள் பிறந்த குழந்தைகளிடம் பாலாடை, கோப்பை, போத்தல் மூன்றையும் ஒப்பிட்டு ஆய்ந்து 1999-இல் வெளியிட்டார்கள். பாலாடையால் ஊட்டிய குழந்தைகள் குறைந்த நேரத்தில் கூடுதல் பால் குடித்தன. பாட்டிமாருக்கு அந்த முடிவு வியப்பாக இருந்திருக்காது.

டின்பால் வந்ததும் தீர்ப்புச் சொல்லும் உரிமை வீட்டிலிருந்து நழுவத் தொடங்கியது. ஐரோப்பாவில் ஆங்கிலோ-சுவிஸ் நிறுவனம் 1866-இல் கெட்டிப்பால் தொழிலைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஹென்றி நெஸ்லே பாலும் மாவும் கலந்த குழந்தை உணவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1905-இல் இரண்டு நிறுவனங்களும் இணைந்தன, அதை அடுத்து இலங்கையிலும் நெஸ்லேயின் வணிகம் வேர்பிடித்தது. திருகோணமலை அன்று போர்க்கப்பல்களின் துறைமுகம். வணிகச் சரக்கு கொழும்பு வழியாகவே நாட்டுக்குள் வந்தது. 1927-இல் ரயில்பாதை திறந்த பின் அந்தச் சரக்கு பட்டினத்தை எட்டுவது எளிதாயிற்று.

சீனி சேர்த்த கெட்டிப்பால் டின்னைத் திறந்து வைத்தாலும் சீக்கிரம் கெடாது, பனிப்பெட்டி இல்லாத ஊரில் அது பெரிய வரம். அதன் உள்ளடக்கமோ குழந்தைக்கு வரம் அல்ல. ஏறத்தாழப் பாதி சீனி. கொழுப்பு நீக்கிய பாலில் செய்தவற்றில் உயிர்ச்சத்து ஏ-யும் கிடையாது, அதனால் கண்பார்வை இழந்த குழந்தைகள் ஆசியாவில் பலர். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939-இல் அங்குள்ள ரோட்டரி கழகத்தில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசி, இந்தப் பாலைக் குழந்தைக்கு ஏற்றதென்று விளம்பரம் செய்வதைக் கொலைக்கு ஒப்பிட்டார். அவர் பேசியது மலாயாவைப் பற்றி என்றாலும் இங்கும் விற்றது அதே வகை டின்பால்தான். நிறை ஏறாத குழந்தைக்கு டின்பால் கொடுத்தால் சில நாளில் கன்னம் உப்பும், அந்த உப்பலைச் சுகமாக எடுத்துக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை.

குழந்தை மெலிவாகப் பிறப்பதற்கே இந்த மாவட்டத்தில் வேறொரு வலுவான காரணம் இருந்தது: மலேரியா. உலர்வலயத்தில் அது ஆண்டுதோறும் இருந்த நோய். கர்ப்பிணியை அது இரத்தசோகைக்குள் தள்ளும், நச்சுக்கொடியைத் தாக்கும், பிள்ளையின் நிறையைக் குறைக்கும். 1934-35 பெருந்தொற்று ஈரவலயத்தையே கடுமையாகத் தாக்கியது. 1935-இல் நாட்டின் சிசுமரண வீதம் ஆயிரத்துக்கு 263 வரை ஏறியது. போருக்குப் பின் டி.டி.ரி. தெளிக்கப்பட்டு மலேரியா அடங்கிய வேகத்தோடு இந்த வீதமும் சரிந்தது. 1947-இல் அது 101. தாயின் இரத்தம் தேறியதும் குழந்தையின் பிறப்பு நிறை தேறியது. எந்தப் பால்மாவும் செய்யாத உதவியை நுளம்பொழிப்பு செய்தது என்று சொன்னால் மிகையாகாது.

இதே காலத்தில் தராசு வந்து சேர்ந்தது. 1926-இல் களுத்துறையில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையோடு நாட்டின் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அதன் மாதிரியில் ஊர்தோறும் மருத்துவ மாதுக்கள் அமர்த்தப்பட்டு, வீட்டுக்கு வீடு சென்று கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கும் முறை நாடெங்கும் பரவியது. இன்று குடும்பநல உத்தியோகத்தர் என்று தாய்மார் அழைக்கும் பெண் ஊழியரின் தொடக்கம் அது. அதன் பிறகு ‘பால் காணாது’ என்ற பேச்சுக்கு நிறைக் கணக்கு வேண்டியதாயிற்று.

அந்தக் கணக்கிலும் கோளாறு உண்டு. நியூசிலாந்து மருத்துவர் ட்ரூபி கிங்கின் போதனையை ஒட்டி, நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மட்டும் பால்கொடுக்கும் ஒழுங்கு பிரித்தானியப் பேரரசெங்கும் பரவியது. கடிகாரம் பார்த்துக் கொடுத்தால் நாளுக்கு ஐந்தாறு தடவைதான் ஆகும். கைக்குழந்தைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை தேவை. ஒழுங்கைப் பின்பற்றிய தாய்க்குப் பால் குறைந்தது, தராசு அதைக் காட்டியது, மருந்து பால்மா என்று ஆனது. நோயை உண்டாக்கியதும் அறிந்ததும் ஒரே மருத்துவம். தராசின் நுட்பமும் போதாது. பல நாடுகளில் கிளினிக்குகளில் தொங்கிய சால்ட்டர் வில்தராசு 100 கிராமுக்கு ஒரு கோடு காட்டும். நாளுக்கு 25 கிராம் ஏறும் குழந்தையை மூன்று நாள் இடைவெளியில் அதில் நிறுத்தால் ஏறியதா இறங்கியதா என்று திடமாகச் சொல்ல முடியாது.

குழந்தையைத் தராசுக்குக் கொண்டுவருவதும் இலேசான காரியம் அல்ல. மூதூரிலிருந்து பட்டினத்துக்கு லாஞ்ச் ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடக்க வேண்டும். வாடைக்காற்று அடிக்கும் மார்கழியில் அந்தப் பயணம் தாயையும் சேயையும் வதைக்கும், சில நாளில் லாஞ்சே ஓடாது. தரைவழியில் போனால் கங்கை, உப்பாறு, கிண்ணியா என்று ஒவ்வொரு துறையிலும் பாதைக்காகக் காத்திருக்க வேண்டும். வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையை இப்பகுதியில் பாதை என்பார்கள். கிண்ணியாப் பாலம் 2009-இல்தான் திறக்கப்பட்டது. மட்டக்களப்புத் தெருவின் மற்றத் துறைகளில் பாலங்கள் அதை ஒட்டிய ஆண்டுகளில் எழுந்தன. மூன்றாம் நாள் மந்தமாகக் கிடந்த குழந்தையைப் பதினைந்தாம் நாள் மருத்துவர் பார்த்ததற்கு அறியாமையைக் காரணம் சொன்ன அறிக்கைகள் இந்தத் தண்ணீரையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். கடைக்குப் போவது எளிது, கிளினிக்குக்குப் போவது கடினம் என்ற நிலையில் டின்பால் வென்றது இயல்பு.

1977-இல் நாடு திறந்த பொருளாதாரத்துக்கு மாறியதும் இறக்குமதிப் பால்மா தாராளமாகக் கிடைத்தது. அதே ஆண்டு, பால்மா விற்பனை முறைகளை எதிர்த்து அமெரிக்காவில் நெஸ்லே புறக்கணிப்பு தொடங்கியது. 1981 மே மாதம் உலக சுகாதார அவை தாய்ப்பால் மாற்றீடுகளின் விற்பனை விதிக்கோவையை ஏற்றபோது 118 நாடுகள் ஆதரித்தன, அமெரிக்கா மட்டும் எதிர்த்தது. இலங்கை தன் சொந்த விதிக்கோவையைத் தாமதமின்றி எண்பதுகளின் தொடக்கத்திலேயே உருவாக்கிப் பிறகு இறுக்கியது. பால்மா விளம்பரமும் தாய்மாருக்கு இலவச மாதிரியும் தடைசெய்யப்பட்டன. ஆசியாவில் இவ்வளவு முன்கூட்டி இதைச் செய்த நாடுகள் சிலவே.

ஆனால் அந்தப் பத்தாண்டில் திருகோணமலையில் வேறு வேலை நடந்துகொண்டிருந்தது. 1983 முதல் வன்முறையும் இடப்பெயர்வும் மாறிமாறி வந்தன. 1987, 1993 ஆண்டுகளின் குடித்தொகை சுகாதார அளவீடுகளில் வடக்கும் கிழக்கும் சேரவில்லை, ஆகவே நாட்டின் தாய்ப்பால் வீதம் என்று அப்போது அச்சான எண்களில் இந்த மாவட்டத்துக் குழந்தைகள் கிடையாது. 2006-07 அளவீட்டில் கிழக்கு சேர்ந்தது. எல்லா மாவட்டமும் சேர்ந்தது 2016-இல். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்கள் 2006-07-இல் ஏறத்தாழ நூற்றுக்கு 76, 2016-இல் 82.

2004 டிசம்பர் 26-ஆம் திகதி ஆழிப்பேரலை கிண்ணியா மருத்துவமனையை அழித்தது. பேரிடர் வேளைகளில் நன்கொடைப் பால்மா குவிவது உலக வழக்கம், கொதிநீரும் விறகும் இல்லாத முகாமில் அது வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும். அதனால்தான் தாய் உயிரோடு இருக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தொடரச் செய்வதும், நின்றுபோன பாலை மீண்டும் சுரக்கவைப்பதும் முதல் வேலை என்று யுனிசெஃப்பும் உலக சுகாதார நிறுவனமும் வற்புறுத்துகின்றன. அதிர்ச்சி பாலை வற்றச் செய்யும் என்ற நம்பிக்கை பரவலானது. உண்மையில் அதிர்ச்சி பால் இறங்குவதைச் சிறிது நேரம் தடுக்கும், சுரப்பை நிறுத்தாது. 2006-இல் மூதூரிலிருந்து முஸ்லிம்கள் கந்தளாய்க்கும், சம்பூர்ப் பக்கத்துத் தமிழர் வாகரைக்கும் ஓடினார்கள். பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் வருடக்கணக்காகத் தங்கியவர்களுக்கு முகாமிலேயே குழந்தைகள் பிறந்தன.

அதே 2006-இல் உலக சுகாதார நிறுவனம் புதிய வளர்ச்சி வரைபை வெளியிட்டது. இந்த மாவட்டத்துத் தாய்மார் அறியாமலே அவர்களைப் பெரிதும் பாதித்த மாற்றம் அது. அதற்கு முன் உலகெங்கும் வழங்கிய 1977-ஆம் ஆண்டு அமெரிக்க வரைபின் கைக்குழந்தைப் பகுதி, ஒஹையோ மாநிலத்தில் பெரும்பாலும் போத்தல்பால் குடித்த குழந்தைகளை அளந்து வரைந்தது. தாய்ப்பால் குழந்தை முதல் இரண்டு மூன்று மாதம் வேகமாக ஏறிப் பிறகு நிதானிக்கும். பழைய வரைபில் அந்த நிதானம் சரிவாகத் தெரிந்தது. நன்றாக வளர்ந்த குழந்தைகளுக்கும் மேலதிகப் பால் எழுதப்பட்டது இதனால்தான். புதிய வரைபு பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்த குழந்தைகளை அளந்து உருவானது. இலங்கையில் ஒவ்வொரு குழந்தைக்கும் வழங்கப்படும் சுகாதார விருத்திப் பதிவேட்டில் இன்று இருப்பது இந்த வரைபுதான். கோடு பச்சையில் போகிறதா, செம்மஞ்சளுக்குச் சாய்கிறதா என்பதைத் தாயே பார்க்கலாம்.

இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கிறது. வீடு திரும்பிய முதல் பத்து நாளுக்குள் குடும்பநல உத்தியோகத்தர் வந்து பார்ப்பது ஒழுங்கு. நிறை ஏற்றம் மந்தமானால் பால்மாவுக்கு முன் பார்க்க வேண்டியவை பல. குழந்தை முலைக்காம்பை மட்டும் பற்றுகிறதா, கருவட்டத்தையும் சேர்த்து வாய்நிறையப் பற்றுகிறதா. விழுங்கும் ஓசை கேட்கிறதா. இரவில் பால் கொடுக்கப்படுகிறதா. நாக்கின் அடிச்சவ்வு கட்டியிருக்கிறதா. தாய்க்குத் தைரொயிட் குறையோ, நச்சுக்கொடித் துண்டு தங்கிய சிக்கலோ உண்டா. நாட்டில் ஏறத்தாழ ஆறில் ஒரு குழந்தை 2,500 கிராமுக்குக் குறைவாகப் பிறக்கிறது. உறிஞ்சும் வலு குறைந்த இந்தக் குழந்தைகளுக்கே மேலதிகப் பால் உண்மையில் அடிக்கடி தேவைப்படும்.

தேவைப்பட்டால் முதல் தெரிவு தாயின் சொந்தப் பால்தான், கையால் பிழிந்து கோப்பையிலோ கரண்டியிலோ கொடுக்கப்படும். பிழிவின் கடைசியில் வரும் கொழுப்பு மிகுந்த பாலைத் தனியே எடுத்துக் கொடுப்பதும் உண்டு. மருத்துவமனைகளில் அமைந்த பாலூட்டல் முகாமைத்துவ நிலையங்கள் இதைக் கற்றுத்தருகின்றன. மெல்லிய குழாயின் ஒரு முனையைக் கோப்பைப் பாலிலும் மறு முனையை முலைக்காம்பின் அருகிலும் வைத்து, குழந்தை மார்பை உறிஞ்சும்போதே மேலதிகப் பாலும் கிடைக்கச் செய்யும் முறை இன்னொன்று. குழந்தைக்கு நிறையும் தாய்க்குச் சுரப்பும் ஒரே வேளையில் ஏறுவதால் கோப்பையைவிட இது ஒரு படி மேல். பிறர் ஈந்த பாலுக்கு வங்கி வேண்டும்; ஆசியாவின் முதல் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் அமைந்தது. இவை எதுவும் இயலாதபோது பால்மா, அதுவும் மருத்துவர் குறித்த அளவில். எந்தெந்த நோய்நிலையில் அது நியாயம் என்ற பட்டியலை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2009-இல் திருத்தி வெளியிட்டன. 1973-இல் அறிமுகமான திரிபோஷா என்ற சத்துமா பாலூட்டும் தாய்க்கும், ஆறு மாதம் கடந்து நிறை குன்றிய குழந்தைக்கும் உரியது. கைக்குழந்தைக்குக் கரைத்துக் கொடுப்பதற்கல்ல.

2021-22 பொருளாதார நெருக்கடியில் பால்மாவுக்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியபோது, பால்மாவில் தங்கியிருந்த வீடுகளில் மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டும் ஆபத்து மீண்டும் தலைகாட்டியது. நீர்த்த பாலில் குழந்தையின் வயிறு நிறையும், நிறை ஏறாது. தொடங்கிய மேலதிகப் பாலை நிறுத்துவதும் ஒரே நாளில் செய்யும் வேலை அல்ல. நிறை வாரத்துக்கு 150 கிராமுக்குக் குறையாமல் ஏறத் தொடங்கியதும், ஒவ்வொரு ஊட்டலிலும் முதலில் மார்பைக் கொடுத்து, மேலதிகப் பாலைச் சில நாளுக்கொருமுறை சிறிது சிறிதாகக் குறைத்து, இடையில் தராசில் நிறுத்துப் பார்த்து, கோடு சாயாவிட்டால் அடுத்த படி குறைக்கப்படுகிறது. மார்பு மட்டும் போதும் என்ற நிலையை இரண்டு மூன்று வாரத்தில் எட்டும் தாய்மாரும் உண்டு, ஆறு மாதம்வரை சிறிது மேலதிகப் பாலோடே தொடர்பவர்களும் உண்டு.